குரலுக்குரியவர் பெயர்

நூலுக்கு முகப்பேடு எத்துணை இன்றியமையாததோ அத்துணை இன்றியமையாதது ஒலிப்பதிவுக்கு அதன் பெயர்க்குறிப்பு. முகப்பேடு கிழிந்துபோன நூலைப் புரட்டிப் பார்த்து, நடையைக் கொண்டும் பொருளைக் கொண்டும் இன்னாருடையது என்று ஒருவாறு உய்த்துணரலாம். குரலின் நிலை அவ்வாறன்று. அக்குரலை நேரிற் கேட்டுப் பழகிய செவிகள் மறைந்தபின், அது யாருடையது என்று சொல்ல ஒருவரும் இரார். இவ்வுண்மையை நான் நூல்களிலிருந்து கற்கவில்லை. ஓய்வு பெறும் வயதை நெருங்கிய காலத்தில், கணிப்பொறியின் முன் அமர்ந்து ஒரு பிழை செய்து, அப்பிழையின் வாயிலாகவே கற்றேன். தமிழ்த்துறை மலருக்குக் கணிப்பொறிக் கட்டுரையா என்று அன்பர்கள் வியக்கலாம். படித்து முடிக்கும்போது, இது பெரிதும் பாட்டையும் பாட்டுக்குரியவரையும் பற்றிய கட்டுரை என்பது விளங்கும்.

எங்கள் வாப்பா 1982 ஆம் ஆண்டில் கடல்கடந்த பணியிலிருந்து விடுப்பில் வந்தபோது, ரேடியோவும் டேப் ரெக்கார்டரும் இணைந்த 'டூ-இன்-ஒன்' ஒன்றைக் கொண்டுவந்தார்கள். அந்நாளில் எங்கள் தெருவில் அது ஒரு காட்சிப்பொருள். பாட்டுக் கேட்பதற்காக வாங்கிய அக்கருவி, நாளடைவில் எங்கள் உம்மாவின் பாட்டைப் பிடித்துவைக்கும் கருவியாயிற்று. உம்மா தாலாட்டுப் பாடுவார்கள்; திருமண வீட்டில் மாப்பிள்ளை வாழ்த்துப் பாடுவார்கள்; மழை பெய்யும் இரவுகளில் பழங்கதைப் பாடல்களை நீட்டி முழக்குவார்கள். எழுதப் படிக்க அறியாதவர்கள். ஆனால் நெஞ்சிலே ஓர் ஏட்டுக்கட்டு இருந்தது. பக்கத்துப் பெண்கள் கூடிவிட்டால் குலவையும் சிரிப்புமாய் முற்றம் நிறைந்துவிடும். வாப்பா ஒவ்வொரு விடுப்பிலும் அவற்றைப் பதிவு செய்து, ஒலிநாடாப் பெட்டியின் அட்டையில் தம் கையெழுத்தால், 'இன்ன நாள், இன்ன வீட்டு விசேடம், பாடியது இன்னார்' என்று குறித்துவைத்தார்கள். இவ்வாறு சேர்ந்தவை 19 நாடாக்கள்.

வாப்பாவும் போனார்கள், உம்மாவும் போனார்கள். நாடாக்கள் அலமாரியின் மேல்தட்டில் கிடந்தன. பூஞ்சை படரத் தொடங்கியதைக் கண்டு அஞ்சி, நகரத்துக் கடையொன்றில் கொடுத்து, அவற்றைக் கணிப்பொறிக் கோப்புகளாக மாற்றித் தரச் சொன்னேன். 146 பாடல்கள், 146 எம்பி3 கோப்புகளாய் வந்து சேர்ந்தன. நாடாக்களும் திரும்பி வந்தன. ஆனால் அட்டைகள் வரவில்லை. "அந்தப் பேப்பரெல்லாம் எதுக்கு சார்? பழசு" என்றார் கடைக்காரர். அவரை மட்டும் குறை சொல்வதற்கில்லை. கொடுக்குமுன் அவ்வட்டைகளைப் படியெடுத்து வைக்காதது என் குற்றம்.

இல்லம் சேர்ந்து முதற் பாடலைக் கைப்பேசியில் இட்டேன். நாற்பது ஆண்டுகளுக்கு முந்தைய உம்மாவின் குரல், கொல்லைப்புறக் கோழியின் கூவலோடு கேட்டது. கண் கலங்கியது. கலங்கிய கண்ணைத் துடைத்துக்கொண்டு திரையைப் பார்த்தேன். பாடலின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'டிராக் 01' என்றும், பாடியவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அந்தக் கடையின் பெயரும் மின்னின. 146 கோப்புகளிலும் அவ்வாறே. என் தாயின் குரலுக்குக் கீழே ஒரு கடையின் விளம்பரம்! அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

என் சகோதரியின் மகன் கணிப்பொறியியல் பயிலும் மாணவன். அவனிடம் முறையிட்டேன். "மாமா, அது பாட்டுக்குள்ளே இல்லை, பாட்டோடு ஒட்டிய ஒரு சீட்டு. சீட்டை மாற்றினால் பாட்டுக்கு ஒன்றும் ஆகாது" என்று ஆறுதல் கூறினான். அதன் வரலாற்றையும் அவனே விளக்கினான். நான் கேட்டறிந்தவற்றை மாணவர் நலங்கருதிச் சுருக்கமாக ஈண்டுத் தருகிறேன்.

128 பைட்டுச் சீட்டு

எம்பி3 முறையை வகுத்தோர் ஒலியைச் சுருக்குவதிலேயே கருத்தைச் செலுத்தினர். ஒலிக்குரியவர் பெயரை எங்கே எழுதுவது என்று அவர்கள் வரையறுக்கவில்லை. அக்குறையை 1996 இல் எரிக் கெம்ப் என்பார் தீர்த்தார். கோப்பின் கடைசியில் 128 பைட்டு அளவுள்ள ஒரு சீட்டை ஒட்டும் முறை அவருடையது. இதுவே ஐடி3 எனப் பெயர் பெற்றது. 'டேக்' என்னும் ஆங்கிலச் சொல்லின் மூன்றெழுத்து முதலில். பாடற்பெயருக்கு 30 பைட்டு, பாடியவருக்கு 30, தொகுப்புக்கு 30, ஆண்டுக்கு 4, குறிப்புக்கு 30, இசைவகைக்கு 1. கூட்டினால் 128. சிறு குடிசையில் பெருங்குடும்பத்தைக் குடிவைத்தது போன்ற சிக்கனம்!

அந்தக் குடிசையில் தமிழுக்கு இடம் போதவில்லை. யூனிகோடின் யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியும் 3 பைட்டு கொள்ளும். புள்ளிக்கும் கொம்புக்கும் காலுக்கும் தனித்தனியே 3 பைட்டு. 'தாலாட்டுப் பாடல்' என்று எழுதப் புகுந்தால், 'தாலாட்டுப்' என்பதற்குள்ளேயே பத்துக் குறிகளும் 30 பைட்டும் தீர்ந்துவிடுகின்றன. 'பாடல்' வெளியே நிற்கிறது! உண்மையில் அச்சீட்டு இலத்தீன எழுத்துகளை மனத்திற்கொண்டு வகுத்தது. தமிழை அது எண்ணிப் பார்க்கவேயில்லை. இசைவகைக்கென முதலில் வகுத்த பட்டியலில் 0 முதல் 79 வரை 80 வகைகள் இருந்தன. மேலைநாட்டு ஆட்ட இசை பல அதில் உண்டு. நாட்டார் பாடல் என்னும் வகை இல்லை. பின்னர் வினாம்ப் என்னும் மென்பொருள் அப்பட்டியலை விரித்தபோதுதான் 80 ஆம் எண்ணாக அது நுழைந்தது.

1998 இல் இரண்டாம் முறை தோன்றியது. இச்சீட்டு கோப்பின் முன்புறம் அமைவது. வேண்டிய அளவு விரியக்கூடியது. பாடியவர், இசையமைத்தவர், பாட்டெழுதியவர், உடனிசைத்தோர், மொழி, குறிப்பு என ஒவ்வொன்றுக்கும் நான்கெழுத்துப் பெயருடைய தனிக் கட்டம் உண்டு. 2000 ஆம் ஆண்டு வந்த 2.4 என்னும் பதிப்பில் யூடிஎஃப்-8 முறையும் ஏற்கப்பட்டது. தமிழ் தலைநிமிர்ந்து உட்கார இடம் கிடைத்தது. ஆயினும் கட்டம் இருப்பது வேறு, அதை நிரப்புவது வேறு. நம் வீடுகளில் சுற்றும் கோப்புகளைத் திறந்து பாருங்கள்; பாடியவர் பெயர் ஒருவேளை இருக்கும். பாட்டெழுதியவர் கட்டம் பெரும்பாலும் வெறுமையாகவே கிடக்கும்.

நட்சத்திரக் குறி

இச்சீட்டைத் திருத்தப் பல வழிகள் உண்டு. மருமகன் எனக்குக் கற்பித்தது கட்டளை வரி முறை. பொத்தான்களும் படங்களும் இல்லாத கறுப்புத் திரை. நாம் ஒரு வரியைத் தட்டச்சிட, இயந்திரம் அதைச் செய்யும். பைத்தான் மொழியில் எழுதப்பெற்ற மியூட்டஜென் என்னும் நிரல் தொகுதியோடு இதற்கென ஒரு கட்டளை கிடைக்கிறது. கட்டளையின் பெயரை எழுதி, சிறு கோடிட்டு ஆங்கிலச் சிறிய 'ஏ' எழுத்தை இட்டால் அடுத்து வருவது பாடியவர் பெயர். பெரிய 'ஏ' எழுத்தை இட்டால் தொகுப்பின் பெயர். 'டி' இட்டால் பாடற்பெயர். இறுதியில் கோப்பின் பெயர். இரண்டு சொல்லாலான பெயரை மேற்கோட்குறிக்குள் இட வேண்டும். இல்லையேல் இடைவெளியைக் கண்டதும் இயந்திரம் இரண்டாம் சொல்லைக் கோப்பின் பெயரென்று கொண்டு தேடப் போய்விடும். இடம்விட்டு எழுதுவதா சேர்த்து எழுதுவதா என்று நாம் வகுப்பறையில் வாதிடுவது வீண்வாதம் அன்று என்பதை அன்று உணர்ந்தேன்.

கோப்பின் பெயருக்கு மாற்றாக ஒரு நட்சத்திரக் குறியை இட்டால், அந்த உறையிலுள்ள அனைத்துக் கோப்புகளும் கட்டளைக்கு உட்படும். 146 முறை எழுத வேண்டியதை ஒருமுறை எழுதினாற்போதும். இதைக் கேட்டதும் எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சிக்கு அளவில்லை. உம்மாவின் பெயரை மேற்கோட்குறிக்குள் தமிழில் எழுதினேன். நட்சத்திரத்தை இட்டேன். விசையை அழுத்தினேன். இயந்திரம் 'செய்யட்டுமா?' என்று கேட்கவில்லை. 'செய்துவிட்டேன்' என்றும் சொல்லவில்லை. கண்ணிமைப்பொழுதில் கடையின் பெயர் மறைந்தது. 146 பாடல்களிலும் உம்மாவின் பெயர் துலங்கியது. பறிபோன சொத்தை வழக்காடி மீட்டவனைப்போல் நெஞ்சு நிமிர்த்தினேன். குடும்பத் திருமணமொன்று அடுத்து வரவே, எட்டுப் பென் டிரைவ்களில் படியெடுத்து உறவினர்க்கும் அயல்வீட்டார்க்கும் அன்பளிப்பாக வழங்கினேன்.

பத்து நாள் சென்றிருக்கும். மேலைத்தெரு ராத்தா தொலைபேசியில் அழைத்தார்கள். அவர்களுடைய தாயார் எங்கள் உம்மாவுக்கு உயிர்த்தோழி. நான் பெரியம்மா என்று அழைத்து வளர்ந்தவன். நலம் உசாவிய பின் ராத்தா சற்றே தயங்கினார்கள்.

"தம்பி, பேரன் போன்ல அந்தப் பாட்டெல்லாம் போட்டுக் காட்டுனான். முப்பது வருசத்துக்கு அப்புறம் எங்க உம்மா குரலைக் கேட்டேன்பா. ரொம்ப சந்தோசம்."

"பெரியம்மா குரலா ராத்தா?"

"ஆமாம்பா. ஆனா பேரன் எழுத்துக்கூட்டிப் படிச்சுட்டு, 'பாடுறது நம்ம பாட்டி இல்லையே, வேற பேரு போட்டிருக்கே'ன்னு கேக்குறான். நான் சொன்னா நம்ப மாட்டேங்கிறான். எழுதியிருக்குல்ல, அதத்தான் நம்புறான். பரவாயில்லப்பா. ரெண்டு பேரும் ஒண்ணாத்தானே பாடுனாங்க."

அந்தப் 'பரவாயில்லை' என்னும் சொல் என்னைச் சுட்டதுபோல் எந்த வசைச்சொல்லும் சுட்டதில்லை. நாடாக்கள் எங்கள் வீட்டவை. ஆகவே குரல்களும் எங்கள் வீட்டவை என்று நான் கொண்டுவிட்டேன். 146 பாடல்களில் நான் முழுமையாகக் கேட்டவை மூன்றே மூன்று. என் தாயின் பாட்டில் தன் பெயரை ஒட்டிய கடைக்காரரைப் பழித்த நான், இன்னொருவர் தாயின் பாட்டில் என் தாயின் பெயரை ஒட்டியிருந்தேன். அவர் செய்தது அறியாமை. நான் செய்தது அன்பின் பெயரால் செய்த அறியாமை. ஆதலின் அது பெரிது. பெயரனுக்கும் பாட்டிக்கும் நடுவே ஒரு பொய்யான சீட்டை நட்டுவைத்தவன் நான்.

கேட்டு எழுதியது

திருத்தும் பணியை முறையாகத் தொடங்கினேன். மூலக்கோப்புகளைத் தனியொரு வட்டில் படியெடுத்துப் பூட்டிவைத்தேன். எந்தக் கட்டளையையும் இடுமுன் அதன் தலைப்பில் 'எக்கோ' என்னும் சொல்லைச் சேர்க்குமாறு மருமகன் பணித்தான். அவ்வாறு சேர்த்தால் இயந்திரம் அக்கட்டளையைச் செய்யாது. நட்சத்திரத்தை விரித்து, எந்தெந்தக் கோப்புகள் அதற்கு உட்படும் என்று திரையில் எழுதிக் காட்டும் அளவில் நிற்கும். 'சொல்லிப் பார்த்துவிட்டுச் செய்' என்னும் அறிவுரைக்கு இயந்திரத்திலும் இடமிருக்கிறது! அதனை முதல் நாளே நான் கையாண்டிருந்தாலும், 146 என்னும் நீண்ட பட்டியலைக் கண்டாவது என் கை தயங்கியிருக்கும்.

பின்னர் மேலைத்தெரு ராத்தாவையும், தெருவில் எஞ்சியிருந்த முதிய பெண்கள் மூவரையும் எங்கள் வீட்டுக்கு அழைத்தேன். ஐந்து மாலைப்பொழுதுகள் அமர்ந்து பாடல்களை ஒவ்வொன்றாகக் கேட்டோம். "இது உங்க உம்மா, மூச்சு வாங்குற இடத்தைப் பாரு", "இது எங்க உம்மா, 'ள'கரத்தை அழுத்திச் சொல்லுவாங்க", "இந்தக் குலவை என்னோடது" என்று அவர்கள் சொல்லச் சொல்ல நான் குறிப்பேட்டில் எழுதினேன். ஆய்வேட்டுக்காகப் பாடபேதம் நோக்கிய நாட்களில்கூட நான் இத்துணைக் கவனத்தோடு எழுதியதில்லை. கருத்து வேறுபாடு வந்தபோது அதையும் எழுதினேன்.

முடிவில் தெளிந்த கணக்கு இது: உம்மா பாடியவை 81. பெரியம்மா பாடியவை 38. இருவரும் சேர்ந்து பாடியவை 16. இன்னார் என்று ஒருவராலும் சொல்ல இயலாதவை 11.

குறிப்பேட்டிலிருந்து ஒரு கோப்புக்கு ஒரு வரியாக 146 கட்டளைகளை ஓர் உரைக்கோப்பில் எழுதினேன். மருமகன் அவற்றைப் படித்துச் சரிபார்த்த பின்னரே இயந்திரத்துக்கு இட்டோம். பாடியவர் கட்டத்தில் பாடியவர் பெயர், உடனிசைத்தோர் கட்டத்தில் குலவையிட்டோர் பெயர், மொழிக்கட்டத்தில் தமிழ். குறிப்புக் கட்டத்தில், 'குரலை அடையாளம் காட்டியவர் மகள். கேட்டு எழுதிய நாள் இன்னது' என்று ஒவ்வொன்றுக்கும் எழுதினேன். நாளை ஒருவர், 'இதற்கென்ன சான்று?' என்று வினவினால் சீட்டே விடை சொல்லும். செய்தியை மட்டுமன்றி, அதனை உரைத்தவர் யார் என்பதையும் சேர்த்துப் போற்றுவதே அறிவுடைமை.

எஞ்சிய பதினொன்றில் என் கை தடுமாறியது. அவற்றையும் உம்மாவின் பெயரிலேயே வைத்துவிட்டால் கேட்பார் யார்? ஆசை அவ்வாறு தூண்டியது. அப்போது குறுந்தொகை நினைவுக்கு வந்தது. நாற்பதாம் பாடலைப் பாடியவர் பெயர் தெரியாதபோது, தொகுத்த சான்றோர் அதனைத் தமக்கு வேண்டிய புலவரொருவர் கணக்கில் எழுதவில்லை. பாட்டில் அமைந்த தொடரைக் கொண்டே செம்புலப்பெயல்நீரார் என்று பெயரிட்டனர். 'அணிலாடு முன்றிலார்' என்பதும் அவ்வாறு வந்த பெயரே. தெரியாததைத் தெரியாதது என்று சொல்லும் நேர்மையும், தெரியாதவரையும் பெயரின்றி விட்டுவிடாத பரிவும் அப்பெயர்களில் ஒருங்கே விளங்குகின்றன. நானும் அவ்வழியையே மேற்கொண்டேன். பதினொன்றில் ஒரு தாலாட்டு. பாடும் பெண், குழந்தை ஏதோ குறும்பு செய்ததால் போலும், நடுவில் பாட்டை விட்டுவிட்டுச் சிரிக்கிறாள், பின் தொடர்கிறாள். பாடியவர் கட்டத்தில் 'நடுவே சிரித்தவர்' என்று எழுதினேன். என்றேனும் அவருடைய மகனோ மகளோ அச்சிரிப்பைக் கேட்டு, 'இது எங்கள் தாய்' என்று வரக்கூடும்.

பணி முடிந்தபின் வீடுவீடாகச் சென்று பென் டிரைவ்களை மாற்றினேன். முதலில் சென்றது ராத்தாவின் வீட்டுக்கு. பெயரன் கைப்பேசியில் பாடலை இட்டுத் திரையை உரக்கப் படித்தான். பாட்டியின் பெயர் வந்தது. "நான் அப்பவே சொன்னேனே" என்றார்கள் ராத்தா. அவ்வளவுதான். எட்டில் ஆறு திரும்பிவிட்டன. இரண்டு கடல்கடந்து போயின. அவற்றிலிருந்து மேலும் எத்தனை படிகள் பிறந்தனவோ! ஒரு நொடியில் செய்த பிழையைத் திருத்த மூன்று திங்கள் ஆயின. இன்னும் முற்றும் திருந்தவில்லை.

மாணவச் செல்வங்களே! உங்கள் இல்லங்களிலும் பாட்டனார், பாட்டியார் குரல்கள் நாடாக்களிலும் கைப்பேசிகளிலும் பெயரின்றிக் கிடக்கும். அவற்றுக்குப் பெயர் சூட்டும் கருவிகள் விலையின்றிக் கிடைக்கின்றன; ஒரு வாரத்தில் கற்றுக்கொள்ளலாம். ஆனால் கருவி எழுதத்தான் அறியும், கேட்க அறியாது. கேட்பது உங்கள் கடன். குரலை அடையாளம் காட்டக்கூடிய முதியோர் உங்கள் தெருவில் இன்றும் இருக்கிறார்கள். கணிப்பொறியின் முன் அமர்வதற்கு முன்னே, அவர்கள் அருகே போய் அமருங்கள்.